இலவச ஆன்லைன் படிப்புகள்: வீடியோ கிடைக்கிறது, ஆசிரியர் கிடைக்கிறாரா?

கேள்வி – ஜனவரி 6

"பெரிய பல்கலைக்கழகங்கள் நடத்தும் இலவச ஆன்லைன் படிப்புகளில் நூறு பேர் சேர்ந்தால் ஐந்து பேர்கூட முடிப்பதில்லை என்கிறார்கள். நானும் நாலைந்தில் சேர்ந்தேன், ஒன்றையும் முடிக்கவில்லை. காசு கொடுக்காமல் கிடைப்பதற்கு மதிப்பில்லை, அவ்வளவுதான் விஷயம் என்று தோன்றுகிறது. இந்த மொத்த முயற்சியும் தோல்வி என்று சொல்லிவிடலாமா?"

ஜனவரி 7

சொல்ல முடியாது. முதலில் அந்த ஐந்து சதவீதத்தைப் பார்த்துவிடுவோம்.

எண்ணில் பிழையில்லை, சொல்லப்போனால் நிலைமை அதைவிட மோசம். அமெரிக்காவின் ஹார்வர்டும் எம்ஐடியும் எட்எக்ஸ் என்ற ஆன்லைன் கல்வித் தளத்தில் 2012 முதல் 2018 வரை நடத்திய படிப்புகளின் பதிவேடுகளை ஜஸ்டின் ரைக்கும் ஹோசே ருய்பெரெஸ் வாலியன்டேவும் அலசி, 2019 ஜனவரியில் சயின்ஸ் இதழில் எழுதினார்கள். 2017-18 ஆண்டில் முடித்தவர்கள் 3.13 சதவீதம். ஆனால் அதே கட்டுரையில் இன்னொரு எண்ணும் இருக்கிறது, அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. பெயர் பதிந்தவர்களில் 52 சதவீதம் பேர் பாடத்துக்குள் ஒருமுறைகூட நுழையவே இல்லை. பொத்தானை அழுத்தினார்கள், அதோடு சரி.

கல்லூரியில் சேர விண்ணப்பம், தேர்வு, கட்டணம், சிலருக்கு ஊர் மாற்றம் என்று பல மாத வேலை இருக்கிறது. அத்தனையும் தாண்டி வந்தவரைத்தான் அங்கே 'மாணவர்' என்று எண்ணுகிறார்கள். இங்கே தலைப்பு பிடித்திருந்தால் ஒரு கிளிக் போதும். இரண்டு இடத்து சதவீதத்தையும் பக்கத்தில் வைத்துப் பேசினால் எதுவும் விளங்காது.

2011 இலையுதிர் காலத்தில் ஸ்டான்ஃபோர்டின் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை செபாஸ்டியன் த்ருனும் பீட்டர் நார்விக்கும் இணையத்தில் திறந்துவிட்டார்கள். 1,60,000 பேர் சேர்ந்தார்கள், முடித்தவர்கள் சுமார் 23,000 பேர். அடுத்த ஆண்டு எட்எக்ஸின் முதல் பாடமான மின்சுற்றுகளுக்கு ஏறக்குறைய 1,55,000 பேர் பதிந்தார்கள், 7,157 பேர் சான்றிதழ் வாங்கினார்கள். அதாவது ஐந்து சதவீதத்துக்கும் குறைவு. ஆனாலும் கடினமான ஒரு பொறியியல் பாடத்தை ஒரே பருவத்தில் ஏழாயிரம் பேர் முடித்ததைத் தோல்வி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு பேராசிரியர் வாழ்நாள் முழுக்க வகுப்பெடுத்தாலும் அத்தனை பேருக்கு அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுப்பது கடினம்.

ஜனவரி 7, இரவு

'காசு கொடுக்காததால்தான்' என்ற பகுதிக்குப் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன். அதற்கும் அந்தக் கட்டுரையிலேயே தரவு உண்டு. சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களில் 46 சதவீதம் பேர் முடித்திருக்கிறார்கள். உங்கள் பக்கம் வலுவாகத்தான் தெரிகிறது.

ஆனால் யார் பணம் கட்டுகிறார்கள்? முடிப்பேன் என்று முன்பே தெரிந்தவர், சான்றிதழ் தேவைப்படுபவர், இரண்டு வாரம் பாடத்தைப் பார்த்துவிட்டு 'இது எனக்கு ஒத்துவரும்' என்று முடிவு செய்தவர். பணம்தான் அவர்களை முடிக்கவைத்தது என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது. முடிக்கப் போகிறவர்தான் பணம் கட்டினார் என்பதற்கும் அதே அளவு இடமிருக்கிறது. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் உண்மையாக இருக்கலாம்.

ஜனவரி 9

ஒரு வாசகர் மங்கோலியச் சிறுவனை நினைவுபடுத்தியிருக்கிறார். ஆமாம், நான் மேலே சொன்ன மின்சுற்றுப் பாடத்தில் முழு மதிப்பெண் வாங்கிய 340 பேரில் உலான் பாட்டரைச் சேர்ந்த 15 வயது மாணவர் ஒருவரும் இருந்தார். பின்னர் எம்ஐடியிலேயே சேர்ந்தார். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை. எங்கோ இருக்கும் ஒரு பிள்ளைக்குக் கதவு திறந்தது, அவனும் உள்ளே போய்விட்டான்.

ஆனால் அந்த ஒரு கதையை வைத்து மொத்தத்தையும் கணக்கிடக் கூடாது. பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 2013-ல் கோர்செரா என்ற ஆன்லைன் தளத்தில் தன் பாடங்களைப் படித்தவர்களிடம் கேட்டுப் பார்த்தது. பதில் சொன்னவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஏற்கெனவே பட்டம் வைத்திருந்தார்கள். படிக்க வழியில்லாதவருக்காகத் திறந்த கதவில், படித்தவர்களே அதிகம் வந்து நின்றார்கள்.

அதே 2013-ல் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகமும் யுடாசிட்டி என்ற ஆன்லைன் கல்வி நிறுவனமும் சேர்ந்து அடிப்படைக் கணிதம், இயற்கணிதம், புள்ளியியல் மூன்றையும் மதிப்பெண்ணோடு ஆன்லைனில் நடத்தின. சேர்ந்தவர்களில் பலர் ஏற்கெனவே கணிதத்தில் தோற்று வந்தவர்கள், பள்ளி மாணவர்களும் இருந்தார்கள், சிலருக்கு வீட்டில் கணினி வசதிகூடச் சரியாக இல்லை. தேர்ச்சி விகிதம் வளாக வகுப்பைவிட வெகுவாகக் குறைந்தது, அடுத்த இலையுதிர் பருவத்துக்குத் திட்டத்தை நிறுத்திவைப்பதாக ஜூலையில் அறிவித்தார்கள். அந்தக் கோடையில் நடந்த அடுத்த சுற்றில் தேர்ச்சி நன்றாகவே உயர்ந்தது. ஆனால் அந்தச் சுற்றில் படித்தவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே பட்டதாரிகள்!

இந்த இரண்டு சுற்றையும் அருகருகே வைத்துப் பார்ப்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தானாகப் படிக்கத் தெரிந்தவருக்கு இந்த முறை நன்றாக வேலை செய்கிறது. படிப்பது எப்படி என்பதிலேயே உதவி தேவைப்படுபவரைக் கைவிட்டுவிடுகிறது. அந்த மாணவர்கள் சோம்பேறிகள் என்று யாராவது எழுத வந்தால் தயவுசெய்து வேண்டாம். தோற்ற பாடத்தை மறுபடி எழுத வருபவருக்குத் துணிச்சல் வேண்டும். அவருக்குத் தேவைப்பட்டது பக்கத்தில் ஒரு ஆள்.

ஜனவரி 10

சின்னக் குறிப்பு. 2011-ல்தான் எல்லாம் தொடங்கியது போல நான் எழுதியது முழுக் கதை அல்ல என்று ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார். நியாயம். எம்ஐடி தன் பாடக் குறிப்புகளை எல்லாருக்கும் இலவசமாக இணையத்தில் போடப்போவதாக அறிவித்தது 2001-ல். கனடாவில் ஜார்ஜ் சீமென்ஸும் ஸ்டீஃபன் டௌன்ஸும் 2008-ல் நடத்திய பாடத்தில் கட்டணம் செலுத்திய மாணவர்கள் ஒரு சிறு குழு, இலவசமாகச் சேர்ந்தவர்கள் இரண்டாயிரத்துக்கும் மேல். அங்கே பெரிய வீடியோ விரிவுரை மையத்தில் இல்லை. ஆளுக்கொரு வலைப்பதிவு, ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துப் பதில் எழுதுவது, அதுதான் பாடமே. ஸ்டான்ஃபோர்டு பாணி வந்ததும் அந்தப் பக்கம் மறந்துபோனது. மறந்திருக்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

ஜனவரி 14

'நல்ல ஆசிரியரின் வீடியோ இருந்தால் போதாதா, வேறென்ன வேண்டும்?' இதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் எழுத வேண்டியிருக்கிறது.

நிகழ்தகவு நான் இப்படித்தான் படித்தேன், ஒரு இலவசப் பாடத்தில். விரிவுரையாளர் அபாரம். ஒவ்வொரு வீடியோ முடியும்போதும் 'புரிந்துவிட்டது' என்ற நிறைவு வரும். அப்புறம் பயிற்சிக் கணக்கு வரும். ஒரு நோய் ஆயிரத்தில் ஒருவருக்கு இருக்கிறது. அதற்கான சோதனை 99 சதவீதம் சரியாகச் சொல்லும், நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும். உங்களுக்கு 'இருக்கிறது' என்று முடிவு வந்தால், உண்மையில் நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு?

மனம் உடனே 99 என்று சொல்லும். விடை கிட்டத்தட்ட 9 சதவீதம். இதை விளக்கும் வீடியோவை ஒருவர் பத்துமுறை பார்க்கலாம், தலையாட்டலாம். தாளை எடுத்துத் தானே ஒருமுறை போட்டுப் பார்க்கும்வரை அந்த 99 மனத்தை விட்டுப் போகாது. எனக்குப் போகவில்லை.

இது என் அனுபவம் மட்டும் இல்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கென் கேடிங்கர் குழு 2015-ல் ஒரு உளவியல் அறிமுகப் பாடத்தை ஆராய்ந்தது. வீடியோவும் இருந்தது, படிக்க உரையும் இருந்தது, உடனுக்குடன் பதில் சொல்லும் பயிற்சிகளும் இருந்தன. கற்றலோடு பயிற்சி செய்வதற்கு இருந்த தொடர்பு, வீடியோ பார்ப்பதற்கோ வாசிப்பதற்கோ இருந்ததைப் போல ஆறு மடங்கு. எட்எக்ஸ் பாடங்களின் வீடியோக்களில் 69 லட்சம் பார்வைகளை அலசிய 2014 ஆய்வு ஒன்று உண்டு. வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் பாதிப் பேர் ஆறு நிமிடத்துக்கு மேல் உட்காருவதில்லை என்று கண்டது. அதன் பிறகு பல தளங்களும் வீடியோவைத் துண்டு துண்டாக வெட்டின. நல்லதுதான். ஆனால் கேடிங்கர் குழு சொன்னதை அதே வேகத்தில் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. வீடியோ விளம்பரத்தில் அழகாகத் தெரியும். நல்ல பயிற்சிக் கணக்கு தயாரிப்பது மெதுவான வேலை. மாணவர் எந்த இடத்தில் தடுக்கி விழுவார் என்று தெரிந்த ஒருவர்தான் அதைச் செய்ய முடியும்.

ஜனவரி 15

வீடியோவைக் குறைத்துப் பேசிவிட்டேன் என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. தாய்மொழியில் படித்து வளர்ந்தவர் அவர். வகுப்பறையில் ஆங்கில விரிவுரை வேகமாகப் போனால் நிறுத்தச் சொல்ல முடியாது, கூச்சம். வீடியோவில் வேகத்தை முக்கால் பங்காகக் குறைத்து, கீழே எழுத்துகளை ஓடவிட்டு, ஒரு வாக்கியத்தை எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கலாம். அதனால்தான் படிக்கவே முடிந்தது என்கிறார்.

முழுக்க ஒப்புக்கொள்கிறேன். வகுப்பறையால் ஒருநாளும் தர முடியாதது அது. காது சரியாகக் கேட்காதவர்களுக்கும் அப்படித்தான். நேற்று எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள்: வீடியோ உள்ளே நுழையவைக்கும், பயிற்சி கற்றுக்கொடுக்கும்.

ஜனவரி 19

விவாதப் பக்கங்களைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 'ஆயிரக்கணக்கான பேர் இருக்கும் இடத்தில் சந்தேகம் கேட்டால் யாராவது பதில் சொல்வார்களா?'

அந்த நிகழ்தகவுப் பாடத்தை முடித்த பிறகு, அடுத்த சுற்றில் தன்னார்வ உதவியாளராக இருந்தேன். சம்பளம் கிடையாது. முன்பு முடித்தவர்களில் விருப்பமுள்ளவர்கள் புதியவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லலாம் என்ற ஏற்பாடு. அங்கே கற்றது பாடத்தில் கற்றதைவிட அதிகம்.

முதல் வாரம் கேள்விகள் கொட்டும். பாதி, பாடத்தைப் பற்றியே இருக்காது: பக்கம் திறக்கவில்லை, கெடு எந்த நேர மண்டலத்தில், புத்தகம் வாங்க வேண்டுமா. ஒரே கேள்வி நாற்பது இடங்களில் கிடக்கும். உண்மையான சந்தேகம் அதற்கடியில் புதைந்துபோகும். கேட்டவர் ஒரு நாள் காத்திருப்பார், இரண்டாம் நாள் எட்டிப் பார்ப்பார், அப்புறம் வரவே மாட்டார். அவர் ஏன் போனார் என்று எந்தத் தரவிலும் பதிவாகாது. 'முடிக்காதவர்' என்ற கணக்கில் ஒன்று கூடும்.

அந்த நோய்ச் சோதனைக் கணக்கு நான்காவது வாரம் வந்தது. 99 என்று போட்டவர்களுக்கெல்லாம் திரையில் 'தவறு' என்று சிவப்பில் வரும். அவ்வளவுதான், ஏன் தவறு என்று வராது. விளக்கத்தைத் திறந்தால் சூத்திரம் இருக்கும். சூத்திரம் புரிந்திருந்தால் அவர் கேள்வியே கேட்டிருக்க மாட்டார். ஒரு பெண் எழுதினார், தாதியாக வேலை செய்கிறவர்: 'நான் தினமும் நோயாளிகளுக்கு இப்படிப்பட்ட முடிவுகளைக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன், 99 இல்லை என்றால் நான் இத்தனை நாள் அவர்களிடம் என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்?'

சதவீதத்தை விட்டுவிடுங்கள், ஆட்களை எண்ணுவோம் என்று பதில் எழுதினேன். ஒரு லட்சம் பேர். நோய் உள்ளவர்கள் 100. அவர்களில் 99 பேருக்கு 'இருக்கிறது' என்று வரும். மீதி 99,900 பேர் நலமானவர்கள். அவர்களில் ஒரு சதவீதம், அதாவது 999 பேருக்கும் தவறாக 'இருக்கிறது' என்று வரும். ஆக மொத்தம் 1,098 பேர் கையில் அந்தச் சீட்டு. அவர்களில் உண்மையான நோயாளிகள் 99 பேர்தான். உங்கள் முன்னால் நிற்பவர் அந்த 99-ல் ஒருவரா, 999-ல் ஒருவரா?

அவருக்குப் புரிந்தது. புரிந்ததோடு நிற்காமல் அதே கேள்வி கேட்ட மற்றவர்களுக்கு அவரே பதில் சொல்லத் தொடங்கினார், என்னைவிடப் பொறுமையாக. கடைசி வாரம்வரை இருந்தார். அவரைப் போலப் படித்தவர்கள்தான் அந்தப் பாடத்தைத் தாங்கிப் பிடித்தார்கள். ஆனால் நான் அந்தப் பக்கத்தைப் பார்க்காத நாளில் கேள்வி கேட்டவர் எத்தனை பேரோ!

மாணவர்களே ஒருவர் கட்டுரையை ஒருவர் திருத்தும் முறையைப் பற்றி ஒரு வரி. கோர்செரா ஆரம்பத்திலிருந்தே கட்டுரைப் பாடங்களில் அதைத்தான் நம்பியது, வேறு வழியும் இல்லை. ஐம்பதாயிரம் கட்டுரைகளை ஒரு பேராசிரியர் படிக்க முடியாது. அளவுகோல் தெளிவாக இருந்தால் மதிப்பெண் ஓரளவு நியாயமாகவே விழுகிறது. ஆனால் 'நன்று' என்ற ஒற்றைச் சொல் கருத்தோடு கட்டுரை திரும்பி வருவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. இரவெல்லாம் எழுதியவருக்கு அது போதாது.

ஜனவரி 20

மேலே எழுதியதைப் படித்துவிட்டு, 'அப்படியானால் உந்துதல்தான் பிரச்சினை, ஆரம்பத்திலேயே திட்டமிட வைத்தால் முடிப்பார்கள்' என்கிறார் ஒருவர். அதையும் செய்து பார்த்தார்கள். ரெனே கிசில்செக்கும் பலரும் சேர்ந்து இரண்டரை ஆண்டுகள், 247 பாடங்கள், இரண்டரை லட்சம் மாணவர்கள் என்று மிகப் பெரிய சோதனை நடத்தி 2020-ல் வெளியிட்டார்கள். எப்போது, எங்கே உட்கார்ந்து படிப்பேன் என்று முதலிலேயே எழுதவைத்தால் முதல் சில வாரங்கள் ஈடுபாடு கூடியது. முடிக்கும் விகிதம் மாறவில்லை. முன்பு சிறிய அளவில் பெரும்பலன் தந்த உத்திகள்கூட அந்த அளவில் கரைந்துபோயின. ஐந்து நிமிட உத்தியால் தீரும் பிரச்சினையாக இது இல்லை.

ஜனவரி 24

எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் இடத்துக்கு வருகிறேன்.

ஆரம்ப நாட்களில் எல்லாம் திறந்திருந்தது: வீடியோ, பயிற்சி, தேர்வு, விவாதம், கடைசியில் ஒரு சாதாரணச் சான்றிதழ்கூட. பிறகு ஒவ்வொன்றாக மூடினார்கள். எட்எக்ஸ் 2015 இறுதியில் இலவசச் சான்றிதழை நிறுத்தியது. பரவாயில்லை, காகிதம்தானே. 2016-ல் கோர்செரா பல பாடங்களில் மதிப்பெண் இடும் பயிற்சிகளைக் கட்டணத்துக்குப் பின்னால் கொண்டுபோனது. அதே ஆண்டு ஜூனில் தன் பழைய தளத்தையே மூடியபோது, புதிய தளத்துக்கு மாறாத நூற்றுக்கணக்கான பாடங்கள் காணாமல் போயின. எட்எக்ஸும் 2018 இறுதியில் மதிப்பெண் பயிற்சிகளுக்குப் பூட்டுப் போடத் தொடங்கியது. இலவசமாகப் பார்ப்பவருக்கு கால வரம்பும் வந்தது.

இப்போது 14-ஆம் தேதிக் குறிப்பை மறுபடி பாருங்கள். கற்றுக்கொடுப்பது பயிற்சி. பூட்டியது பயிற்சியை. திறந்துவிட்டிருப்பது வீடியோவை. பிறகு 'இலவசமாகச் சேர்ந்தவர்கள் முடிப்பதில்லை, கட்டணம் செலுத்தியவர்கள் முடிக்கிறார்கள்' என்று சதவீதம் காட்டுகிறார்கள். முடிக்கத் தேவையானதை எடுத்துக்கொண்டு, ஏன் முடிக்கவில்லை என்று கேட்பது நியாயமா?

செலவு இருக்கிறது, தெரியும். ஒரு நல்ல பாடத்தை உருவாக்க மாதக்கணக்கில் ஒரு குழு உழைக்க வேண்டும், சர்வர் ஓட வேண்டும். யாரோ அதற்குப் பணம் தர வேண்டும். ஆனால் எதைப் பூட்டுவது என்பதில் தேர்வு இருக்கிறது. அடையாளம் சரிபார்த்த சான்றிதழுக்குப் பணம் வாங்குங்கள், வேலை கொடுக்கும் நிறுவனங்களிடம் வாங்குங்கள். தானாகத் திருத்திக்கொள்ளும் ஒரு கணக்குப் பயிற்சியைக் கூடுதலாக ஒருவர் போட்டுப் பார்க்க எவ்வளவு செலவாகிவிடும்?

ஜனவரி 25

எட்எக்ஸ் லாப நோக்கமற்றது அல்லவா என்று கேட்கிறார்கள். இருந்தது. ஹார்வர்டும் எம்ஐடியும் 2012 மே மாதம் அப்படித்தான் அறிவித்தன. 2021-ல் 2யு என்ற நிறுவனம் 80 கோடி டாலருக்கு அதை வாங்கியது. அந்த நிறுவனம் 2024 ஜூலையில் திவால் பாதுகாப்பு கோரி மனு செய்து, கடனைச் சீரமைத்துக்கொண்டது. படிப்பவரின் பாடம் இத்தனை கை மாறியிருக்கிறது.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. அந்தத் தளத்தின் மென்பொருளை 2013-லேயே திறமூலமாக வெளியிட்டுவிட்டார்கள். அது இன்றும் திறந்தே இருக்கிறது. எந்தப் பல்கலைக்கழகமும், எந்தத் தன்னார்வக் குழுவும் எடுத்துத் தன் மொழியில் ஒரு தளம் நடத்தலாம். பல நாடுகள் அப்படி நடத்துகின்றன. எனக்கு அதில்தான் நம்பிக்கை அதிகம்.

ஜனவரி 29

சான்றிதழ் பற்றி மூன்று கேள்விகள், ஒரே பதில்.

ஒருவர் இரண்டு கணக்கு தொடங்கி, ஒன்றில் கண்டபடி விடையளித்துச் சரியான விடையைத் தெரிந்துகொண்டு, மற்றதில் அதைப் போட்டுச் சான்றிதழ் வாங்குவது நடந்திருக்கிறது. ஹார்வர்டு, எம்ஐடி ஆய்வாளர்கள் 115 பாடங்களில் இதைத் தேடி 2015-ல் வெளியிட்டார்கள். சான்றிதழ் வாங்கியவர்களில் இப்படிச் செய்தவர்கள் சுமார் ஒரு சதவீதம்தான். ஆனால் இருபதும் அதற்கு மேலும் சான்றிதழ் குவித்தவர்களைத் தனியே எடுத்தால் நாலில் ஒருவர். எண்ணிக்கையைக் காட்டிப் பெருமைப்படுபவரைப் பார்த்தால் எனக்கு இது நினைவுக்கு வரும்.

வேலைக்கு உதவுமா? ஒரு திறமை உங்களிடம் இருக்கிறது என்பதற்குச் சான்றிதழ் ஒரு தொடக்கம். அந்தப் படிப்பில் நீங்கள் செய்து முடித்த ஒரு நிரலோ, பகுப்பாய்வோ, வடிவமைப்போ காட்டினால் பேச்சு வேறு மாதிரி போகும். ஆட்களை நேர்காணும் வேலை எனக்கும் வந்ததுண்டு. 'இதைச் செய்யும்போது எங்கே மாட்டிக்கொண்டீர்கள்?' என்று கேட்பேன். செய்தவர் கண் விரியப் பேசுவார்.

பிப்ரவரி 2

'இப்போது செயற்கை நுண்ணறிவு இருக்கிறது. சந்தேகத்தை அதனிடம் கேட்டுக்கொள்ளலாம், உங்கள் கவலை தீர்ந்தது' என்று எழுதியிருக்கிறீர்கள்.

இதைப் பல நாள் யோசித்தேன். முன்னோடி ஒன்று உண்டு. ஜார்ஜியா டெக் 2014-ல் கணினி அறிவியல் முதுநிலைப் படிப்பை முழுக்க ஆன்லைனில், வளாகக் கட்டணத்தில் ஒரு சிறு பங்குக்குத் தொடங்கியது. இலவசம் இல்லை, ஆனால் இதே விதையிலிருந்து முளைத்தது. அங்கே அசோக் கோயலின் பாடத்தில் சுமார் 300 மாணவர்கள், ஒரு பருவத்துக்குப் பத்தாயிரம் கேள்விப் பதிவுகள். பதில் சொல்ல ஆள் போதவில்லை. 2016-ல் ஜில் வாட்சன் என்ற பெயரில் ஒரு நிரலை உதவியாளர்களோடு உதவியாளராக வைத்தார். கெடு எப்போது, கோப்பை எப்படி அனுப்புவது போன்ற கேள்விகளுக்கு அது பதில் சொன்னது. அது மனிதர் இல்லை என்று பெரும்பாலான மாணவர்களுக்குப் பருவம் முடியும்வரை தெரியவில்லை.

இதில் எனக்குப் பிடித்தது வேலைப் பிரிவினை. நாற்பது இடத்தில் கிடக்கும் ஒரே கேள்வியை நிரல் எடுத்துக்கொண்டால், மனிதருக்கு அந்தத் தாதியின் கேள்வியைப் படிக்க நேரம் கிடைக்கும். இன்றைய உரையாடல் நிரல்கள் அதைவிடப் பல படி மேலே போய்விட்டன. நோய்ச் சோதனைக் கணக்கை ஆட்களாக எண்ணிக் காட்டச் சொன்னால் அழகாகக் காட்டும், நள்ளிரவிலும், எந்த மொழியில் கேட்டாலும் ஏறக்குறைய. தனியாகப் படிப்பவருக்கு இது பெரிய வரம். சந்தேகமில்லை.

எனக்கு இருக்கும் தயக்கம் வேறு. கேட்டால் முழு விடையையும் அது கொடுத்துவிடும். பயிற்சியை நாமே போட்டுத் திணறுவதில்தான் கற்றல் இருக்கிறது என்றால், திணறலைப் பறிக்கும் உதவி உதவியா? 'விடை சொல்லாதே, நான் எங்கே தவறினேன் என்று மட்டும் கேள்வியாகக் கேள்' என்று கட்டுப்பாடு வைத்துப் பயன்படுத்துகிறேன். பலன் இருக்கிறது. ஆனால் அந்தக் கட்டுப்பாட்டைத் தனக்குத் தானே வைத்துக்கொள்ளத் தெரிந்தவர், மறுபடியும், ஏற்கெனவே படிக்கத் தெரிந்தவர். சான் ஹோசேயில் விடுபட்ட மாணவருக்கு இது தானாக உதவிவிடும் என்று நான் நம்பவில்லை.

பிப்ரவரி 3

மேலே உள்ளதோடு சேர்க்க ஒன்று. அந்தத் தாதி கடைசி வாரம்வரை இருந்தது பதில் கிடைத்ததால் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. மற்றவர்கள் அவருடைய பதிலுக்காகக் காத்திருந்தார்கள், அதற்காகவும் வந்தார். நிரல் நமக்குப் பதில் சொல்லும். நாம் வரவில்லை என்று அது தேடாது.

பிப்ரவரி 8

முதலில் கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார்: 'சரி, தோல்வி இல்லை என்று வைத்துக்கொள்வோம். எனக்கு வேலை, வீடு, இரண்டு பிள்ளைகள். புள்ளியியல் கற்க வேண்டும். மறுபடி சேரட்டுமா, என்ன செய்யட்டும்?'

சேருங்கள். ஆனால் ஒன்றில் மட்டும். சேரும் முன் பாடத்தின் பயிற்சிப் பக்கத்தைத் தேடுங்கள். அது பூட்டியிருந்தால் வேறு பாடம் பாருங்கள், ஆசிரியர் எவ்வளவு புகழ்பெற்றவராக இருந்தாலும். எம்ஐடியின் திறந்த பாடப் பக்கங்களில் பல பாடங்களுக்குக் கணக்குத் தாள்களும் விடைகளும் பதிவு செய்யாமலே கிடைக்கின்றன, கெடுவும் இல்லை, உங்கள் நிலைமைக்கு அது ஒத்துவரலாம். வீடியோவைப் பார்க்கும் முன்பே அந்த வாரத்துக் கணக்கு ஒன்றைப் படித்துவிடுங்கள், எதைத் தேடிப் பார்க்கிறீர்கள் என்று தெரிந்திருக்கும். பார்த்து முடித்ததும் மூடிவிட்டு எழுதிப் பாருங்கள்.

இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த ஒன்றைத்தான் மிகவும் வலியுறுத்துவேன். ஒரே வேகத்தில் படிக்க வேண்டியதில்லை. வாரம் ஒருமுறை பேசிக்கொண்டால் போதும், 'எந்தக் கணக்கு வரவில்லை' என்று மட்டும். நான் இப்போது நேரியல் இயற்கணிதம் படிப்பது அப்படித்தான். ஞாயிறு மாலை மூன்று பேர் அழைப்பில் வருவோம், ஒருவர் திரையைப் பகிர்வார், மற்ற இருவர் கேட்போம். வேலை நெருக்கடியில் ஒருவர் பின்தங்கினால் மற்றவர் அந்த வாரம் பழைய அத்தியாயத்துக்குப் போவார்.

நாலாவது வாரத்தில் உங்களுக்குத் தேவையானது கிடைத்துவிட்டது என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு கணக்கு சிக்கலானால் இங்கே போடுங்கள். எப்படி முயன்றீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், விடையை மட்டும் போட்டால் எங்கே தவறியது என்று சொல்ல முடியாது. இந்த வாரம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பேன்.